சுறாவுக்கும் தொப்புள் இருக்கு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல கரைக்குப் பக்கத்துல சின்ன போட்டுக்காரங்க வலையில சுறா சிக்குனதா ஒரு செய்தி பாத்தேன், மீனவர்கள் பீதின்னு தலைப்பு போட்டிருந்தீங்க. நான் தூத்துக்குடிக்குத் தெக்க ஒரு கடற்கரை ஊர்ல ஃபைபர் போட் வச்சு தொழில் பாக்கறவன், 26 வருஷமா கடலுக்குப் போறேன். சுறாவைப் பாத்து எங்க ஊர்ல யாரும் பீதியாகல ஐயா. அந்தப் படத்துல கிடந்தது எல்லாம் ஒரு முழம்கூட இல்லாத குட்டிங்க. அதைச் சொல்லத்தான் இந்த லெட்டர்.

மாசி மாசம் எங்களுக்கே இது நடந்துச்சு. நானும் மச்சானும் சாயங்காலம் நண்டு வலை விட்டுட்டு வந்து விடியக்காலம் வாங்கப் போனோம், நாலு பாகம், அதாவது 24 அடித் தண்ணிதான், மாதா கோயில் சிலுவை நல்லா தெரியற தூரம். முதல் ரெண்டு துண்டுல நண்டு, சங்கு, கொஞ்சம் பாசி. மூணாவது துண்டு கனமா வந்துச்சு, மச்சான் "கல்லுல மாட்டிருச்சு போல"ன்னாரு, டார்ச் அடிச்சுப் பாத்தா வரிசையா சுறா. மொத்தம் 23. அதுல 21 பால் சுறா, ரெண்டு கொம்பன், அதாவது சுத்தியல் மாதிரி தலை இருக்கற சுறா. 19 செத்துக் கிடந்துச்சு, நாலுக்கு மட்டும் உயிர் இருந்துச்சு.

உயிரோட இருந்த ஒண்ணை வலைக்கண்ணுல இருந்து எடுக்கும்போதுதான் கையில புரட்டிப் பாத்தேன். தலையில இருந்து வாலுப் பக்கம் தடவினா வழுவழுன்னு இருக்கும், திருப்பித் தடவினா உப்புத்தாள் மாதிரி கையைக் கிழிக்கும், அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா அடிவயித்துல, ரெண்டு பக்கச் செட்டைக்கும் நடுவுல, ஒரு சின்ன கீறல், ஓரம் இன்னும் சிவப்பா, ஆறாம இருந்துச்சு. தொப்புள் ஐயா. பால் சுறாவும் கொம்பனும் முட்டை போட்டுட்டுப் போற மீன் கிடையாது, வயித்துக்குள்ள கொடியில சாப்பாடு கொடுத்து வளத்து குட்டியா ஈனுற ஜாதி. பொறந்த கொஞ்ச நாளைக்கு அந்த இடம் ஆறாம இருக்கும். இத்தனை வருஷத்துல எத்தனை சுறா வெட்டிருப்பேன், இதை நின்னு பாத்ததில்ல.

அந்த நேரம் என் மக பிள்ளை பெத்து வீட்டுல இருந்தா. பச்சை உடம்புக்காரிக்கு பால் ஊறணும்னா பால் சுறா புட்டுதான்னு எங்க பக்கம் எல்லா வீட்டுலயும் செய்வாங்க, என் வீட்டுக்காரியும் ரெண்டு நாளா கேட்டுக்கிட்டுதான் இருந்தா. செத்ததுல நாலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெந்நி ஊத்தி தோலைச் சுரண்ட உக்காந்தவ அந்தக் கீறலைப் பாத்துட்டு "ஏங்க, இது பொறந்து நாலு நாள்கூட இருக்காதுங்க"ன்னு சொல்லிட்டு கொஞ்ச நேரம் அப்படியே வச்சிருந்தா. அன்னைக்கு புட்டு செஞ்சோம், சாப்பிட்டோம், மறைக்கல. ஆனா அதுக்கப்புறம் நான் ராத்திரி முழுக்க வலை போட்டு வைக்கறதில்ல.

கணக்கு பாத்தா புரியும். சாளை, நெத்திலி எல்லாம் ஆயிரக்கணக்குல முட்டை விடும், எவ்வளவு பிடிச்சாலும் கொஞ்சமாவது தப்பும். பால் சுறா ஏறத்தாழ ஒரு வருஷம் சுமந்து ரெண்டுல இருந்து அஞ்சு குட்டிதான் போடும், மிஞ்சிப்போனா எட்டு. அப்போ எங்க வலையில விழுந்த 21 குட்டி எத்தனை தாயோட ஒரு வருஷத்து ஈத்துன்னு யோசிச்சுப் பாருங்க. கொம்பன் கூடுதலா போடும், ஆனா அது வளந்து தாயாகறதுக்குப் பல வருஷம் ஆகும். உலக அளவுல அழிஞ்சு போற உயிருங்களைப் பட்டியல் போடறாங்கல்ல, அதுல 2019-லயே பெரிய கொம்பன் வகைகளை மிகக் கடைசி ஆபத்துக் கட்டத்துல வச்சுட்டாங்க. இந்தக் குட்டிங்க கரைக்கு வர்றது மனுசனைக் கடிக்க இல்ல, பெரிய சுறாவுக்குப் பயந்து ஆழமில்லாத தண்ணில ஒதுங்குது, சின்ன மீனும் இறாலும் இங்கதான் கிடைக்கும். நம்ம கரைதான் அதுக்குத் தொட்டில். அதைப்போய் பீதின்னு எழுதினா எப்படி?

எல்லாச் சுறாவையும் பிடிக்கக் கூடாதுன்னு சட்டம் சொல்லல, நானும் சொல்லல. திமிங்கலச் சுறா, ரம்பம் மாதிரி மூக்கு இருக்கற வேளா எல்லாம் 2001-லயே வனவிலங்குச் சட்டத்துல சேத்தாச்சு, தொட்டா கேஸ். 2015-ல சுறாச் செட்டை ஏற்றுமதியையும் நிப்பாட்டிட்டாங்க, அதுக்கு முன்னாடி செட்டைக்காகவே தேடிப் போனவங்க உண்டு. ஆனா எது கூடும் எது கூடாதுன்னு படம் போட்டு, பால் சுறா, கொம்பன், உழுவை (கிட்டார் மீன்)னு நாங்க சொல்ற பேர்லயே எழுதி எங்க ஏலக்கூடத்துல ஒரு போர்டு கிடையாது. புத்தகத்துப் பேர்ல சொன்னா எங்களுக்கு எப்படி விளங்கும்.

இன்னொரு வயித்தெரிச்சல். எங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தன் வழிவலையில, அதாவது நீரோட்டத்தோட மிதந்து போற வலையில, திமிங்கலச் சுறா மாட்டிச்சு, போட்டைவிட நீளம், பாவம் அவன் நல்ல மனசோட வலையை அறுத்து விட்டுட்டான். வலை 35,000 ரூபா, கடன்ல வாங்கினது. நஷ்டஈடு கேட்டுப் போனா அந்தப் பேப்பர் எங்க, இந்தப் பேப்பர் எங்கன்னு மூணு தடவை அலைய விட்டு கடைசில ஒண்ணும் கிடைக்கல. குஜராத்துல பல வருஷமா திமிங்கலச் சுறாவை விடுறவங்களுக்கு வலைக்குப் பணம் கொடுக்கறாங்க, விடுறதை மீனவங்களே கேமராவுல படம் எடுத்துக் காட்டினா போதும், அப்படி நூத்துக்கணக்குல சுறா திரும்பக் கடலுக்குப் போயிருக்கு. நம்ம பக்கமும் கடல்பசுவை விட்டவங்களைக் கூப்பிட்டுப் பாராட்டி பரிசு கொடுத்திருக்காங்க, அது நல்ல காரியம். அதே கையோட சுறாவுக்கும் வலைப்பணம் கொடுத்தா எந்தப் பையனும் ரெண்டாவது தடவை யோசிக்க மாட்டான்.

இப்ப நானும் மச்சானும் ராத்திரி மூணு மணிக்குப் போய் வலையை விட்டு, போட்டுலயே காத்திருந்து விடிஞ்சதும் வாங்கிடறோம். சுறா வலையில மாட்டி நீந்த முடியாமப் போனா செவுளுக்குத் தண்ணி ஓடாது, மூச்சு முட்டிடும், கொம்பனெல்லாம் சீக்கிரமே செத்துரும், அதனால வலை தண்ணில கிடக்கற நேரம் குறைஞ்சாலே கொஞ்சமாவது பிழைக்கும். நண்டு கொஞ்சம் குறையத்தான் செய்யுது, டீசலும் தூக்கமும் கணக்குல வருது, அதையும் சொல்லிடறேன். குட்டி உயிரோட இருந்தா வாலைப் பிடிச்சுத் தூக்கி எறியக் கூடாது, வயித்துக்கு அடியில கை கொடுத்து, தலை நீவாட்டுக்கு, அதாவது நீரோட்டத்துக்கு, எதுத்தாப்ல இருக்கற மாதிரி தண்ணிக்குள்ளயே கொஞ்ச நேரம் பிடிச்சிருக்கணும். அன்னைக்கு அந்த நாலுல ஒண்ணு ரொம்ப நேரம் அசையவே இல்ல, மச்சான் "விடுங்க மாப்ள, போயிருச்சு"ன்னாரு, நான் விடல, திடீர்னு வால் ஒரு அடி அடிச்சுச்சு, என் உள்ளங்கையைச் சிராய்ச்சுட்டு கீழ இறங்கிப் போயிருச்சு.

ஐயா, உங்ககிட்ட கேக்கறது ஒண்ணுதான். அந்த பீதி செய்தி போட்ட அதே பக்கத்துல, நம்ம கடல்ல கிடைக்கற சுறா, உழுவை, வேளா படத்தை ஊர்ப் பேரோட போடுங்க, எதை விடணும், எப்படிப் பிடிச்சு விடணும்னு நாலு வரி எழுதுங்க. வெட்டி ஏலக்கூடத்துச் சுவத்துல நாங்களே ஒட்டிக்கறோம். அரைப் பக்கத்துக்காவது பெருசா போடுங்க, விடியக்காலம் டார்ச் வெளிச்சத்துல பாக்கணும்.

இப்படிக்கு,
நாட்டுப்படகு மீனவர் ஒருவர்,
தூத்துக்குடி மாவட்டம்