நாகலூர் அக்காவுக்கும் உடன் நின்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம். ஆஸ்பத்திரியில் கிடக்கிற என் மகன் பெரியவன் நேற்று ராத்திரி ஒரு டம்ளர் கஞ்சி குடித்தான். உப்பு பத்தவில்லை என்று முகத்தைச் சுளித்தான். அந்தச் சுளிப்பைப் பார்த்த பிறகுதான் இதை எழுத எனக்குத் தெம்பே வந்தது. நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதை மறுபடி சொல்ல மனசில்லை.

ரத்தம் கொடுத்த பிள்ளைகள், வார்டு வாசலில் ராத்திரி முறை வைத்துப் படுத்திருந்த அம்மாப்பேட்டைத் தெருக்காரர்கள், தறிக்கூலியை முன்பணமாகக் கொடுத்த முதலாளி, சின்னவளுக்கு மூன்று வேளையும் சோறு போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பிய பக்கத்து வீட்டு அத்தை, நான் அழுதபோதெல்லாம் அதட்டி உட்கார வைத்த சிஸ்டர்கள், எல்லோருக்கும் கை கூப்புகிறேன். பெயர் போட்டு எழுத ஆரம்பித்தால் யாராவது விட்டுப்போவார்கள், அப்புறம் அது ஒரு தனிச் சண்டை.

ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். அவரை உங்களில் யாருக்கும் தெரியாது. எனக்கே பெயர் தெரியாது.

அன்று ஏற்காட்டில் சீரியல் ஷூட்டிங், டீக்கடை சீன். கடை பெஞ்சில் டீ குடிக்கிற பெண் நான். எங்களைப் போன்ற துணை நடிகர்களுக்கு வசனம் கிடையாது. பேசுகிற மாதிரி வாயை அசைக்க வேண்டும், சத்தம் மட்டும் வரக்கூடாது. மைக்கில் விழுந்தால் திட்டு விழும். சேலையும் பெரும்பாலும் நம்முடையதுதான். "வெள்ளை வேணாம், பளிச்சுனு சிவப்பு வேணாம்" என்று ஏஜென்ட் அண்ணன் முந்தின நாளே சொல்லிவிடுவார். நான் இளம்பிள்ளையில் எடுத்த பச்சைச் சேலை கட்டியிருந்தேன். காலையில் என் முகம் தெரிகிற பக்கமிருந்து பாதி சீன் எடுத்தாகிவிட்டது. மதியம் கேமராவை எதிர்ப்பக்கம் போட்டு மீதியை எடுப்பார்கள், அதில் என் முதுகு தெரியும். அந்தப் பெஞ்சில் பச்சைச் சேலை இல்லாவிட்டால் கன்டினியூட்டி போச்சு, காலையில் எடுத்ததும் வீண்.

துணை நடிகர்தானே, யாரை வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நடக்கிற சீனுக்கு அது சரி. இப்படி ஒரு இடத்தில் உட்கார்ந்துவிட்டால் ஹீரோயினுக்கு உள்ள கட்டு நமக்கும் உண்டு. சம்பளம்தான் வேறு.

லஞ்ச் பிரேக்கில் பெரியவன் ஆஸ்பத்திரியில் என்று போன் வந்தது. அசிஸ்டன்ட் டைரக்டர் சின்னப் பையன். போங்கள் என்றும் அவனால் சொல்ல முடியவில்லை, இருங்கள் என்றும் சொல்ல வாய் வரவில்லை. வேடிக்கை பார்க்க நின்றவர்களில் இருந்து ஒரு அக்கா முன்னால் வந்தார். நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டத்தில் வேலையாம். "முதுகுதானே தெரியணும்? நான் உக்கார்றேன். நீ சேலையக் குடுத்துட்டு ஓடு கண்ணு" என்றார்.

காஸ்டியூம் வேனுக்குள் சேலையை மாற்றிக்கொண்டோம். எனக்குக் கை ஓடவில்லை. சின்னப் பிள்ளைக்குக் கட்டிவிடுகிற மாதிரி அவரே கொசுவம் பிடித்துச் செருகிவிட்டார். பிறகு என்னைத் திருப்பி நிற்க வைத்து, என் கொண்டை இருக்கிற உயரத்தைப் பார்த்து, தன்னுடையதையும் அவிழ்த்து அதே அளவுக்கு இறக்கிப் போட்டுக்கொண்டார். காலையில் குளிருக்கு நான் முந்தானையைப் போர்த்தியிருந்தது நல்லதாய்ப் போயிற்று, ஜாக்கெட் தெரியவில்லை. அந்த அக்கா சினிமாவில் இருந்திருந்தால் காஸ்டியூமர் ஆகியிருப்பார்.

யூனிட் வண்டி ஓட்டிய தம்பி 20 கொண்டை ஊசி வளைவையும் எப்படி இறக்கினானோ, அவனுக்கும் நன்றி. ஆஸ்பத்திரியில் மருந்துச் சீட்டைக் கொடுத்தபோதுதான் முந்தானை முடிச்சு கையில் தட்டுப்பட்டது. நாலாக மடித்த நோட்டு, ஒரு துண்டுக் கொட்டைப்பாக்கு. அவசரத்தில் மறந்தாரா, தெரிந்தே விட்டாரா? முதல் மருந்து அந்தக் காசில்தான் வாங்கினேன்.

மறுநாள் ஏஜென்ட் அண்ணன் என் சேலையையும் முழுநாள் சம்பளத்தையும் கொண்டுவந்து கொடுத்தார். அக்காவிடம் நீட்டினாராம், வாங்கவில்லை. "பேரு அவளோடது, காசும் அவளோடதுதான்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிட்டாராம்.

எங்கள் பாட்டி, சேலம் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ இருந்த காலத்தில் கூட்டத்தில் நிற்கப் போனவர். 1956-ல் தமிழின் முதல் முழுநீளக் கலர்ப் படத்தை டி.ஆர்.சுந்தரம் எடுத்த கம்பெனி. இன்று அதன் வாசல் வளைவு மட்டும் நிற்கிறது. ஒருத்திக்கு முடியாவிட்டால் இன்னொருத்தி அவள் பெயரில் நின்று, கூலியை அவள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவாள் என்று பாட்டி சொல்வார். கிழவி ஜோடித்துச் சொல்கிறாள் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

இனி ஷூட்டிங்குக்குப் போனால் என் பையில் மாற்றுச் சேலை ஒன்று கூடுதலாக இருக்கும். யாருக்காவது அப்படிப் போன் வந்தால் கிளம்புங்கள், பெஞ்சில் உட்கார நான் இருக்கிறேன்.

அக்கா, பையன் எழுந்து நடமாடியதும் நாகலூர் பஸ் ஏறுகிறேன். காலையில் டீ குடித்தது நான், மதியம் குடித்தது நீங்கள். அதனால் பாதிச் சம்பளமும், முடிச்சில் இருந்த காசும் நீங்கள் வாங்கித்தான் ஆக வேண்டும். மாட்டேன் என்றால் உங்கள் சேலை திரும்பி வராது, சொல்லிவிட்டேன். அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவர் காதில் போட்டுவையுங்கள்.