தேவிகுளம் தாலுகாவுக்கு ஹை ஃப்ளோ ஆக்சிஜன் வசதி கோரி மனு

அனுப்புநர்
ஆஷா பணியாளர் மற்றும் எஸ்டேட் லயத்துக் குடும்பங்கள்,
மூணாறு, தேவிகுளம் தாலுகா.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம், பைனாவு, இடுக்கி மாவட்டம்.

பொருள்: மலைப்பகுதி அரசு மருத்துவமனையில் மூக்குவழி ஹை ஃப்ளோ ஆக்சிஜன் கருவிகளும் அதற்கான பயிற்சியும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று 1969 ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தந்திருக்கிறது. எனக்கு மலையாளம் பேச வரும். ஆனால் என் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்லத் தமிழ்தான் கைகொடுக்கிறது.

போன ஆடியில், சாரல் விடாமல் அடித்த ஒரு வாரத்தில், அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. 30 வருஷம் கொழுந்து எடுத்தவர், வயது 63. மூன்றாம் நாள் இரவு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை எப்போதும் பையில் வைத்திருப்பேன், அதை விரலில் மாட்டினேன். 81 காட்டியது. மீட்டரில் கோளாறோ என்று என் விரலில் மாட்டிப் பார்த்தேன், 96. மறுபடி அம்மா விரலில் 80. ஒரு நிமிஷத்துக்கு 38 மூச்சு எண்ணினேன். ஒவ்வொரு இழுப்புக்கும் கழுத்துக்குழி உள்ளே போய் வந்தது.

மலையிலேயே ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த டாக்டர், நர்ஸ் யார் மேலும் எனக்குக் குறை இல்லை. கையில் இருந்ததை எல்லாம் செய்தார்கள். இருந்தது பை வைத்த மாஸ்க், நிமிஷத்துக்கு 15 லிட்டர். அம்மாவுக்கு 88 க்கு மேல் ஏறவில்லை. நிமோனியா, உடனே கீழே கொண்டுபோங்கள் என்றார்கள்.

மாஸ்க் ஏன் போதவில்லை என்பதை அப்புறம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மூச்சுத் திணறுபவர் காற்றை இழுக்கும் வேகம் நிமிஷத்துக்கு 30 லிட்டர், 60 லிட்டர், சில சமயம் அதற்கும் மேலே போகிறது. மாஸ்க் தருவது 15 என்றால் பாக்கியை அதன் ஓரங்கள் வழியாக வெளிக்காற்றில் இருந்து இழுத்துக்கொள்கிறார். கொடுத்த ஆக்சிஜன் நீர்த்துப் போகிறது. அந்த வெளிக்காற்றும் எங்கள் ஊரில் மெலிந்ததுதான். மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலோர ஊர்களோடு பார்த்தால் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறைவு.

சொந்தங்கள் தேனிப் பக்கம் என்பதால் அங்கே கொண்டுபோனோம். 80 கிலோமீட்டருக்கு மேல். கேப் ரோட்டில் மூடுபனி, வண்டி ஊர்ந்துதான் போனது. போடிமெட்டுக்குக் கீழே 17 கொண்டை ஊசி வளைவு. கூட வந்தவர் சிலிண்டர் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. காய்ந்த ஆக்சிஜன் பட்டு அம்மாவுக்கு மூக்கில் ரத்தம் கசிந்தது. இரண்டு முறை மாஸ்க்கைப் பிடுங்கினார். தண்ணி என்று கேட்க வந்தவருக்கு 'த' மட்டும்தான் வெளியே வந்தது.

கீழே மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாஸ்க்கை எடுத்துவிட்டு, மூக்கில் தடித்த, மெத்தென்ற ஒரு குழாயை வைத்தார்கள். ஆக்சிஜனும் காற்றும் கலந்து, 37 டிகிரிக்குச் சூடாக்கி, ஈரம் ஏற்றி, நிமிஷத்துக்கு 50 லிட்டர் வேகத்தில் போனது. இதுதான் நாங்கள் கேட்கும் ஹை ஃப்ளோ. தொண்டைக்கு மேலே தேங்கி நிற்கும் பழைய காற்றை அந்த ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடும், நுரையீரலின் சின்ன அறைகள் மூடாமல் கொஞ்சம் அழுத்தம் கொடுக்கும், சளியும் இறுகாது என்று நர்ஸ் விளக்கினார். ஒரு மணி நேரத்தில் மூச்சு 38 இலிருந்து 26 க்கு இறங்கியது. அம்மா வாய் திறந்து சொன்ன முதல் பேச்சு, "வேது பிடிக்கிற மாதிரி இருக்குடி." மறுநாள் காலை குழாயோடேயே அரை டம்ளர் கஞ்சி குடித்தார். வெண்டிலேட்டர் தேவைப்படவில்லை.

அம்மா ஒருவர் பிழைத்ததை வைத்து மட்டும் நான் கேட்கவில்லை. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் 310 பேரிடம் நடந்து 2015 இல் வெளிவந்த ஆய்வில், வெண்டிலேட்டர் தேவை குறைந்தது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. ஆனால் 90 நாளுக்குள் இறந்தவர்கள், சாதாரண ஆக்சிஜன் பெற்றவர்களைவிட ஹை ஃப்ளோ பெற்றவர்களில் குறைவு. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நெஞ்சுச்சளியால் மூச்சிரைத்த 1,472 கைக்குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2018 இல் வந்தது. சாதாரண ஆக்சிஜனில் 23 சதவீதக் குழந்தைகளுக்கு அது போதாமல் அடுத்த கட்ட சிகிச்சை வேண்டியிருந்தது, ஹை ஃப்ளோவில் 12 சதவீதத்துக்குத்தான். மழைக்காலத்தில் நெஞ்சு இழுக்கும் பிள்ளையை நள்ளிரவில் கம்பளிக்குள் சுற்றிக்கொண்டு என் கதவைத் தட்டும் தாய்மாரை நினைத்துத்தான் இந்த எண்களை எழுதுகிறேன்.

எனவே தேவிகுளம் தாலுகாவில், ஆக்சிஜன் குழாய் இணைப்பு உள்ள அரசு மருத்துவமனையில், குறைந்தது 2 கருவிகள் வைக்க ஆவன செய்ய வேண்டுகிறோம். பச்சிளங்குழந்தைக்கான சிறிய குழாய்களும் சேர்த்து வேண்டும். இதைச் சிலிண்டரை நம்பி நடத்த முடியாது. முழு ஆக்சிஜனில் 60 லிட்டர் ஓடினால் ஒரு மணிக்கு 3,600 லிட்டர் ஆகும், 7,000 லிட்டர் பெரிய சிலிண்டர் 2 மணி நேரம்கூட வராது. ஆகவே எந்த இடம் என்று முடிவு செய்யும் முன் குழாயில் வரும் ஆக்சிஜன் இத்தனை ஓட்டத்தைத் தாங்குமா என்று பொறியாளரை விட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். மழையில் கரண்ட் போவது எங்களுக்குப் பழக்கம், கருவிக்குப் பழக்கம் இல்லை. யு.பி.எஸ். இல்லாமல் வைக்கவே வேண்டாம்.

பயிற்சியைத்தான் நான் மிகவும் வலியுறுத்துவேன். இது வெண்டிலேட்டருக்கு மாற்று இல்லை. உடம்பில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும் நோயாளிக்குப் பெரும்பாலும், மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றைத் தள்ளும் பைபாப் கருவிதான் முதலில் வேண்டியிருக்கும். ஹை ஃப்ளோ வைத்தாயிற்று என்று நிம்மதியாக இருந்து, வெண்டிலேட்டருக்குப் போகவேண்டிய நேரத்தைத் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து. இதற்கு ராக்ஸ் என்று ஒரு எளிய கணக்கு இருக்கிறது. மீட்டர் காட்டும் எண்ணை ஆக்சிஜன் அளவால் வகுத்து, அதை மூச்சு எண்ணிக்கையால் வகுப்பது. அம்மாவுக்கு அன்று மீட்டரில் 94, 60 சதவீத ஆக்சிஜன் (கணக்கில் 0.6), 26 மூச்சு. கணக்குப் போட்டால் 6 வரும். நிமோனியா நோயாளிக்கு 4.88 அல்லது அதற்கு மேல் இருந்தால் கொஞ்சம் தைரியமாக இருக்கலாம், இறங்கிக்கொண்டே வந்தால் காத்திருக்கக் கூடாது. இந்தக் கணக்கை எழுதி ஒவ்வொரு கருவிக்குப் பக்கத்திலும் ஒட்டச் செய்யுங்கள். இரவு டியூட்டி நர்ஸுக்கு அது பெரிய துணை.

இடவப்பாதி மழை ஜூனில் தொடங்கிவிடும். அதற்குள் மாவட்ட மருத்துவ அதிகாரியோடு எங்களையும் ஒருமுறை அழைத்துப் பேச வேண்டுகிறோம். அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரி நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். எந்த நாள் சொன்னாலும் பைனாவுக்கு வந்துவிடுவோம், அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
மனுதாரர் மற்றும் லயத்துக் குடும்பத்தினர்
(கையொப்பங்கள் தனித்தாளில்)