டேபிள் சா வாங்கியவர்களுக்கும் வாங்க இருப்பவர்களுக்கும் ஒரு மடல்

வணக்கம்.

மரவேலை வாட்ஸப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் கடையில் வாங்கிய டேபிள் சா, அதாவது மேசை நடுவே வட்ட பிளேடு சுழன்று மரம் அறுக்கும் மெஷின், செகண்ட் ஹேண்டாம். பெயிண்ட் அடித்து, புது அட்டைப் பெட்டியில் போட்டு நாங்கள் தலையில் கட்டிவிட்டோமாம். உங்களில் பலர் அதை எனக்கே அனுப்பி, "என்னங்கண்ணா இது?" என்று கேட்டீர்கள். நேரில் கேட்ட உங்களுக்கு நன்றி. பேசியவர் யார் என்று இங்கே சொல்லப் போவதில்லை. அவரும் நம் கடைப் படி ஏறி வந்தவர்தான்.

மற்ற எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன். விலை அதிகம், டெலிவரி தாமதம் என்றால் பேசித் தீர்க்கலாம். பழையதைப் புதிது என்று விற்றார்கள் என்பது வேறு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெட்டியைப் பிரித்ததும் மேசை பழுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தது என்கிறார். இருக்கத்தான் செய்யும். அந்த மேசை வார்ப்பிரும்பு. கை வியர்வை பட்டாலே மறுநாள் துரு பூக்கும். அதனால் தொழிற்சாலையிலேயே துருப்பிடிக்காமல் காக்கும் கிரீஸைக் கனமாகப் பூசி அனுப்புகிறார்கள். குடோனில் மாதக்கணக்கில் இருந்தால் அது நிறம் மாறிப் பழுப்பாகும். பனியன் வேஸ்ட்டை மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்தால் அடியில் வெள்ளி மாதிரி இரும்பு தெரியும். "துடைத்தேன், கீறல் கீறலாக இருந்தது" என்றும் சொல்கிறார். தயவுசெய்து அந்தக் கோடுகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேசையைக் கிரைண்டிங் செய்த தடம் என்றால் மேசை முழுக்க ஒரே சீராக ஓடும். மரம் தேய்த்துத் தேய்த்து விழுந்த கீறல் அப்படி ஓடாது. இதற்கு மேலும் சந்தேகம் இருந்தால், உங்கள் பில்லில் உள்ள சீரியல் நம்பரை மெஷினில் அடித்திருக்கும் தகட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனை காலம் இந்தப் பேச்சு ஏன் வரவில்லை? வீட்டுக்கு வந்து மாட்டிக்கொடுத்த நம் ஃபிட்டர் அண்ணன் முதல் வேலையாகக் கிரீஸைத் துடைத்து, மெழுகு பாலிஷ் தேய்த்து, வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் உங்களைக் கூப்பிடுவார். பழுப்பு மேசையை நீங்கள் பார்த்ததே இல்லை. அவர் இப்போது சொந்த ஊரில் தொழில் தொடங்கிவிட்டார். நல்லபடியாக வரட்டும். இனி அவர் செய்த வேலையை நீங்களே செய்ய வேண்டியிருக்கும் என்பதால், அவரிடம் நான் பார்த்ததை எழுதுகிறேன்.

துடைத்து முடித்ததும் மெழுகு பாலிஷ் தேய்த்துவிடுங்கள். சிலிகான் கலந்த பாலிஷ் மட்டும் வேண்டாம்; அது மரத்தில் ஒட்டினால் பின்னால் வார்னிஷ் பிடிக்காது.

அந்தப் பதிவிலேயே "வெட்டு கருகுகிறது, மரம் இழுக்கிறது" என்று ஒரு வரி வருகிறது. அது மெஷின் பழசானதால் அல்ல, செட்டிங் செய்யாததால். லாரியில் ஏறி இறங்கி வரும் மெஷினில் போல்ட் இம்மி நகர்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றுங்கள். ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். மேசையில் பிளேடுக்கு இணையாக ஓடும் பள்ளமான மைட்டர் காடியிலிருந்து அந்தப் பல்லுக்கு முன்பக்கம் எவ்வளவு என்று அளந்து, அதே பல்லைப் பின்பக்கம் சுழற்றி மறுபடி அளக்க வேண்டும். வேறு பல்லை அளந்தால் கணக்கு தப்பும். வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். கூடினால் மேசைக்கு அடியில் பிளேடு அமைப்பைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, மெல்லத் தட்டிச் சரிசெய்து இறுக்குங்கள். எந்த போல்ட் என்று மேனுவலில் படம் இருக்கிறது.

ஃபென்ஸை, அதாவது மரத்தை அணைத்துத் தள்ளும் பக்கச் சட்டத்தை, இதற்குப் பிறகுதான் தொட வேண்டும். அதையும் காடிக்கு நேராக வைத்துப் பாருங்கள். ஃபென்ஸின் பின்முனை மயிரிழை வெளியே திறந்திருந்தால் பரவாயில்லை, பிளேடு பக்கம் மட்டும் ஒடுங்கவே கூடாது. ஒடுங்கினால் மரம் பிளேடின் பின்பற்களில் நெரிபடும். கருகுவது அதனால்தான். ஆளை நோக்கி மரம் பாய்வதும் அதனால்தான். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றும்போது பல்லின் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர் வரும். பிளேடுக்குப் பின்னால் நிற்கும் ரிவிங் நைஃப் என்ற தகடு இந்தப் பாய்ச்சலைத் தடுக்கத்தான் இருக்கிறது. இடைஞ்சல் என்று அதைக் கழற்றி அலமாரியில் வைத்திருப்பவர்கள் இன்றே எடுத்து மாட்டுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கையுறை போட்டுக்கொண்டு மெஷினில் நிற்காதீர்கள். சிறு துண்டுகளைப் புஷ் ஸ்டிக் என்ற தள்ளுகுச்சியால் மட்டும் தள்ளுங்கள்.

பிளேடு மேசைக்குச் செங்குத்தாக நிற்கும் 90 டிகிரியை மெஷினில் இருக்கும் ஸ்கேலை நம்பி வைக்க வேண்டாம். மூலைமட்டத்தை பிளேடின் உடம்பில் சாத்திப் பாருங்கள், பல்லில் படக் கூடாது.

கரண்ட் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். டி.வி. ஓடும் சின்ன பிளக்கில் 2 எச்.பி. மோட்டார் திணறும். பெரிய பவர் பிளக், 2.5 ஸ்கொயர் மி.மீ. காப்பர் ஒயர், நல்ல எர்த் மூன்றும் இருக்க வேண்டும். நீள எக்ஸ்டென்ஷனில் ஓட்டி மோட்டார் சூடேறினால் அதற்கு வாரண்டி பேச முடியாது.

இடித்த வீட்டுத் தேக்கு வாங்கி வெட்டுபவர்கள் நம்மிடம் நிறையப் பேர். அருமையான மரம், ஆனால் உள்ளே ஆணி ஒளிந்திருக்கும். காந்தம் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். ஒரே ஆணியில் பிளேடின் கார்பைடு பல் தெறித்துவிடும்.

கார் ஷெட்டில் ஒரு மெஷினோடு ஆரம்பித்து இன்று பேத்திக்குத் தொட்டில் செய்து படம் அனுப்பும் ஐயாமார்களையும், ஐ.டி. வேலை முடித்து ராத்திரியில் புத்தக அலமாரி இழைக்கும் தம்பி தங்கைகளையும் நம்பித்தான் இந்தக் கடை நிற்கிறது. குழுவில் அந்தப் பதிவுக்குக் கீழேயே, "என் மெஷினை வந்து பாருங்கள்" என்று எங்களுக்காகப் பேசியவர்களை மறக்க மாட்டேன். தாங்களே செட்டிங் செய்ய முடியாதவர்களுக்கு வீட்டுக்கு வந்து செய்துதருவது இந்த மாதம் முதல் கட்டணத்தோடு, கோவை மாநகருக்குள் மட்டும்.

அந்த நண்பருக்கும் சொல்லியிருக்கிறேன்: மெஷினைக் கடைக்குக் கொண்டுவாருங்கள், வண்டி வாடகை என்னுடையது. எல்லோர் முன்னாலும் துடைத்து, அளந்து, வெட்டிக் காட்டுகிறேன். அதற்குப் பிறகும் பழையது என்று அவருக்குத் தோன்றினால் முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
கடை உரிமையாளர்,
கோயம்புத்தூர்