தொட்டியில் வள்ளைக்கீரை

வேலூர்

அன்பு மகளுக்கு,

பெங்களூரு வீட்டு பால்கனியில் நீர்க்கீரை வளர்க்கப்போவதாக நீ சொன்னது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஏரியில் முளைப்பதைப் பறித்தால் போதாதா என்று கேட்டாய். நீரில் வளரும் கீரை, தான் நிற்கும் சேற்றில் உள்ள நஞ்சையும் சேர்த்தே உறிஞ்சிக்கொள்ளும். நம் பாலாற்றுப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளின் கழிவைக் குறித்து உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. அத்தகைய கழிவிலுள்ள குரோமியம் கொதிக்க வைத்தாலும் போகாது. எங்கிருந்து வந்த நீர் என்று தெரியாத கீரையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது.

நீர்க்கீரைகளில் முதலில் வள்ளைக்கீரையை வை. ஓட்டையில்லாத அகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் அரை அடி உயரத்துக்குக் களிமண் கலந்த தோட்டத்து மண்ணைப் போட்டு, நன்றாக மக்கிய எருவைச் சிறிதளவு அடியில் புதைத்து, மேலே ஆற்று மணலைப் பரப்பி, இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி ஊற்று. தேங்காய் நார்க்கழிவு மிதந்துவிடும், பச்சைச் சாணம் நாறிப்போகும், இரண்டும் வேண்டாம். குழாய்த் தண்ணீரைப் பிடித்து, வாளியில் ஒரு நாள் மூடாமல் வைத்திருந்து ஊற்றுவது நல்லது. மண்ணும் நீரும் சேர்ந்தால் பாரம் அதிகம் என்பதால் தொட்டியைச் சுவரோரம் வை.

வள்ளைக்கீரையின் தண்டு உள்ளே வெற்றுக் குழாய்போல் இருப்பதால் நீரில் மிதக்கும். நீரில் படும் ஒவ்வொரு கணுவிலும் சில நாட்களிலேயே வெள்ளை வேர்கள் மயிரிழைபோல் இறங்குவதைப் பார்ப்பாய். அறுக்கும்போது அடியில் இரண்டு மூன்று கணுக்களை விட்டுவிட்டால் மீண்டும் துளிர்க்கும். நல்ல வெயில் வேண்டும். அங்கே மார்கழி, தை மாதக் குளிரில் வளர்ச்சி மந்தப்படும், கவலைப்படாதே. அது வேர்பிடித்த பிறகு ஆரைக்கீரை என்ற இன்னொரு நீர்க்கீரைக்குத் தனித் தொட்டி வைக்கலாம்.

தேங்கிய நீரில் டெங்கு கொசு முட்டையிடும். அந்த முட்டை ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். ஆகவே நான்கைந்து கப்பி மீன்களை விட்டுவிடு, புழுக்களைத் தின்றுவிடும். மீன் இருக்கும் தொட்டியில் பூச்சிமருந்து தெளிக்காதே. நீர்க்கீரையில் ஒட்டுண்ணிகள் இருக்கக்கூடும். பச்சையாகத் தின்னாமல் நன்கு வேகவைத்தே சாப்பிடுங்கள். தண்டை முதலில் வதக்கி, இலையைப் பிறகு போட்டால் பாசிப்பருப்புக் கூட்டு பதமாக வரும்.

தம்பி வரும்போது தண்டுகளை ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தனுப்புகிறேன். வந்த அன்றே கணுக்கள் மண்ணில் பதியும்படி ஊன்றிவிடு.

அன்புடன்,
அம்மா