பாட்டை நிறுத்தும் வசதி மணிக்கட்டில் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடற்பயிற்சிக்கான ஸ்மார்ட்வாட்ச்களின் விளம்பரங்களும் அவற்றைப் பற்றி வரும் மதிப்புரைகளும் இதயத்துடிப்பு, உறக்கம், ரத்த ஆக்சிஜன் என்று அளவீடுகளையே அடுக்குகின்றன. கைபேசியில் ஒலிக்கும் பாட்டைக் கடிகாரத்திலிருந்தே நிறுத்தவும் மாற்றவும் ஒலியைக் குறைக்கவும் முடியுமா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதிலே கிடைப்பதில்லை. காதில் பாட்டு ஒலிக்கச் சாலையோரம் ஓடுகிறவருக்கு இது பாதுகாப்பு சார்ந்த கேள்வி. பின்னால் வாகனம் வரும் ஓசையைக் கேட்டாக வேண்டிய நொடியில், இடுப்புப் பையிலிருந்து கைபேசியை எடுத்து, பூட்டைத் திறந்து, செயலியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. இயர்போனைத் தட்டியே நிறுத்தலாமே என்பார்கள். வியர்த்த விரலும் தொப்பியும் தலைமுடியும் அந்தத் தட்டலை எத்தனை முறை குழப்புகின்றன என்பது ஓடுகிறவர்களுக்குத் தெரியும்.

இந்த வசதியைத் தருவது தொழில்நுட்ப அளவில் அரிய காரியமும் அல்ல. 2014-இல் வந்த, ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 8 முதலே, ஐபோனில் ஓடும் பாட்டின் பெயரையும் பாடியவர் பெயரையும் குறைந்த மின்சக்தி ப்ளூடூத் வழியே பிற கருவிகளுக்கு அனுப்பி, அவற்றிலிருந்து கட்டளைகளையும் பெற்றுக்கொள்ளும் ‘ஆப்பிள் மீடியா சர்வீஸ்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. அதே ஆண்டில் வெளியான ஆண்ட்ராய்டு 5.0, எந்தப் பாட்டுச் செயலியாக இருந்தாலும் அதை வெளியிலிருந்து ஒரே முறையில் இயக்குவதற்கு வழி செய்தது. அதற்கு முந்தைய ஆண்டே விற்பனைக்கு வந்த பெபிள் கடிகாரத்தில், பக்கவாட்டுப் பொத்தான்களாலேயே பாட்டை மாற்ற முடிந்தது.

அப்படியிருந்தும் இந்த வசதி பின்னோக்கிப் போயிருக்கிறது. 2022-இல் வெளியான ஃபிட்பிட் நிறுவனத்தின் வெர்சா 4, சென்ஸ் 2 ஆகிய கடிகாரங்களில் பாட்டைக் கட்டுப்படுத்தும் வசதியே வைக்கப்படவில்லை. அடுத்த ஆண்டு அதே நிறுவனத்திடமிருந்து வந்த சார்ஜ் 6 கைப்பட்டையில் அது திரும்பியபோது யூடியூப் மியூசிக் செயலியோடு மட்டும் கட்டப்பட்டிருந்தது. ஒருவர் எந்தச் செயலியில் பாட்டுக் கேட்க வேண்டும் என்பதை அவருடைய கைக்கடிகாரத்தைச் செய்தவர் தீர்மானிப்பதை எந்த வகையிலும் ஏற்க முடியவில்லை.

ஆண்ட்ராய்டு பயனர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. கடிகாரத்துக்காகக் கைபேசியில் நிறுவும் துணைச்செயலி பிற செயலிகளின் பாட்டை இயக்க வேண்டுமானால், பொதுவாக அதற்கு ‘அறிவிப்பு அணுகல்’ அனுமதி தர வேண்டியிருக்கிறது. அதாவது, அடுத்த பாட்டுக்குப் போவதற்காக, நமக்கு வரும் குறுஞ்செய்திகளின் அறிவிப்புகளையும் அந்தச் செயலி படிக்க இடம் கொடுக்கிறோம். இந்த உண்மையை, கடிகாரத்தைக் கைபேசியோடு முதலில் இணைத்து அமைக்கும்போதே தயாரிப்பாளர்கள் தெளிவாகச் சொல்ல வேண்டும், பாட்டுக்கு மட்டும் தனி அனுமதி கேட்கும் வழியை ஆண்ட்ராய்டும் உருவாக்க வேண்டும். தவிர, பேட்டரியைச் சேமிப்பதற்காகக் கைபேசி அந்தத் துணைச்செயலியைப் பின்னணியில் நிறுத்திவிடும்போது கடிகாரத்தின் கட்டளை போய்ச் சேர்வதில்லை. கடிகாரம் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பதற்கு முன், கைபேசியின் பேட்டரி அமைப்பில் அந்தச் செயலிக்கு விலக்கு அளித்துப் பார்ப்பது நல்லது.

எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்த விரும்புவது உண்மையான பொத்தானை. வியர்வையோ மழைத்துளியோ பட்ட தொடுதிரை, ஈரத்துக்கும் விரலுக்கும் வேறுபாடு தெரியாமல் தடுமாறுகிறது. அதனால் திரையைப் பூட்டி வைத்து ஓடுகிறவர்கள் பலர். அவர்களுக்குத் தேவை, பயிற்சித் திரையை விட்டு வெளியேறாமலேயே, பார்க்காமலேயே, விரலால் தடவி அழுத்தக்கூடிய ஒரு பொத்தான். பாட்டை நிறுத்துவதற்கு நான்கு முறை திரையை நகர்த்த வேண்டிய கடிகாரத்தில் அந்த வசதி பெயருக்குத்தான் இருக்கிறது.

எந்தெந்தச் செயலிகளோடு, எந்தக் கைபேசிகளோடு இந்த வசதி இயங்கும் என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிடுமாறு தயாரிப்பு நிறுவனங்களைக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் கைக்கடிகாரங்களை மதிப்பிடுகிறவர்களும், மேசையில் அமர்ந்து திரையின் பளபளப்பை அளப்பதோடு நிறுத்தாமல், அதைக் கட்டிக்கொண்டு ஓடி, ஈரமான கையால் பாட்டை நிறுத்திப் பார்த்து, முடிந்ததா இல்லையா என்று எழுத வேண்டும் என்று பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்