மூன்று பெண்கள் சேர்ந்த எழுத்து

டோக்கியோ,
ஜனவரி 25, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாளே வந்துவிட்டது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். ஆடிக்குப் பிறகு நான் ஒரு வரி எழுதவில்லை என்று கணக்குச் சொல்லியிருந்தாய். போனில் "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்" என்பதைத் தவிர எதுவும் சொல்வதில்லை என்றும் கேட்டிருந்தாய். நீ கேட்டது நியாயம்தான். இன்று ஞாயிற்றுக்கிழமை, வெளியே போகிற வேலையும் இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா குளிரைப் பற்றிக் கேட்டதாக எழுதியிருந்தாய். காலையில் குழாயில் கை வைத்தால் எலும்பு வரைக்கும் குத்துகிறது. மற்றபடி பழகிவிட்டது என்று சொல். ஹீட்டர் போட்டால் தொண்டை வறண்டு போகிறது, அதனால் அதிகம் போடுவதில்லை. இரண்டு ஸ்வெட்டர், மேலே அம்மாவின் பழைய சால்வை, ராத்திரி போர்வைக்குள் ஒரு வெந்நீர் பாட்டில். சாப்பாட்டுக்கும் ஒரு குறையும் இல்லை. இங்கே முள்ளங்கி கைக்குழந்தையின் தொடை கனத்துக்கு இருக்கும். ஒன்று வாங்கினால் நாலு நாளைக்குச் சாம்பார் ஓடும். நீ கொடுத்துவிட்ட பருப்புப் பொடி தீர்ந்துவிட்டது. புளி மட்டும் ஷின்-ஓகுபோ கடைக்குப் போய் வாங்கிக்கொள்கிறேன்.

கீழ்வீட்டுப் பாட்டியைப் பற்றி முன்னாலேயே எழுதியிருக்கிறேன். குப்பையை நாள் மாற்றிப் போட்டேன் என்று பையை மாடி வரைக்கும் தூக்கிவந்து என் கதவு முன்னால் வைத்துவிட்டுப் போனாரே, அவர்தான். 79 வயது. இன்னும் யாரிடமும் கை நீட்டாமல், கிமோனோ பிரித்துத் தைத்துப் பிழைக்கிறார். ராத்திரி ஒன்பதுக்கு மேல் மிஷின் ஓடுகிற சத்தம் தரை வழியாக எனக்குக் கேட்கும். இப்போது எங்களுக்குள் பேச்சுவார்த்தை உண்டு. அது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை முதலில் உன்னிடம் சொல்லியாக வேண்டும். ஆறு மாசமாக நீ கேட்டும் நான் மழுப்பிக்கொண்டிருந்தது அதைத்தான்.

பழைய ஜப்பானியப் படங்களைத் துடைத்துச் சுத்தம் செய்து, ஆங்கில சப்டைட்டிலோடு டிஸ்க் போட்டு வெளிநாட்டில் விற்கிறார்கள். சப்டைட்டில் சரியான நொடியில் வருகிறதா, வசனத்தின் அர்த்தம் மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. நல்ல வேலைதான். ஆனால் ஆகஸ்டிலிருந்து எனக்கு வருவதெல்லாம் 1960, 70-களில் எடுத்த ஒரு மாதிரியான படங்கள். பெண்ணைக் கட்டிவைப்பது, அடிப்பது, பலாத்காரம் செய்வது, இதற்காகவே டிக்கெட் விற்ற படங்கள். கையில் இருக்கிற படத்தின் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். சொல்லவும் எனக்கு ஆசை இல்லை. ஒரு காட்சியை ஒரு தடவை பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது, அக்கா. முப்பது நொடியைப் பத்துத் தடவை ஓட்ட வேண்டும். அவள் "வேண்டாம்" என்று சொல்கிற இடத்தில் எழுத்து வர வேண்டும், அவள் அலறுகிற இடத்தில் எதுவும் வரக்கூடாது. வசனத்துக்குத்தான் சப்டைட்டில், அலறலுக்குக் கிடையாது.

முதல் வாரம் எனக்கு என்ன ஞாபகம் வந்தது தெரியுமா? நம் ஊர் டூரிங் டாக்கீஸ். வில்லன் கதவைச் சாத்துகிற காட்சி வந்ததும் அப்பா நம் கையில் காசைக் கொடுத்து, "ரெண்டு பேரும் போய் முறுக்கு வாங்கிட்டு வாங்க" என்பார். கீற்றுத் தட்டிக்கு வெளியே நீயும் நானும் நிற்போம். உள்ளே நடப்பது தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். நீ என் காதைப் பொத்துவாய். உன் காதைப் பொத்த யாரும் இல்லை.

இந்தப் படங்கள் ஏன் வந்தன என்று தேடிப் படித்தேன். 1958-இல் ஒரே வருஷத்தில் 112 கோடி டிக்கெட் விற்ற நாடு இது. டிவி வந்தது. 1972-இல் 20 கோடிகூட இல்லை. குடும்பமெல்லாம் வீட்டில் டிவி பார்க்க, தியேட்டருக்கு வந்தது தனி ஆண்கள்தான். டிவியில் காட்ட முடியாததைக் காட்டினால்தான் அவர்கள் வருவார்கள் என்று ஆனது. 1962-லிருந்தே சின்னக் கம்பெனிகள் 'பிங்க் படம்' என்று மலிவான செக்ஸ் படங்கள் எடுத்தன. முப்பது லட்சம் யென், ஒரு வாரம், படம் தயார். பிறகு பெரிய கம்பெனிகளும் இறங்கின. 1912-இல் தொடங்கிய நிக்காத்ஸு, மூழ்காமல் இருக்க 1971 நவம்பரில் 'ரோமன் போர்னோ' வரிசையைத் தொடங்கியது. எழுபது நிமிஷம் ஓட வேண்டும், பத்து நிமிஷத்துக்கு ஒரு படுக்கைக் காட்சி வர வேண்டும், மீதியெல்லாம் டைரக்டர் இஷ்டம். 1988 வரை ஓடியது. தோயெய் (Toei) என்ற இன்னொரு பெரிய கம்பெனி கத்தியும் சிறையும் சித்திரவதையுமாக வேறு வழியில் போனது.

அந்த 'டைரக்டர் இஷ்டம்' என்பதைத்தான் புத்தகங்களில் பெரிதாகப் புகழ்கிறார்கள். அரசாங்கத்தையும் போலீஸையும் எதிர்த்துப் பேச அந்தச் சுதந்திரம் உதவியதாம். பொய் என்று நான் சொல்லமாட்டேன். 1972-இல் ஷுன்யா இத்தோ எடுத்த 'பெண் கைதி 701: தேள்' படத்தை நூலகத்தில் எடுத்துவந்து பார்த்தேன். அவருக்கு அது முதல் படம். காதலித்த போலீஸ்காரனே தன் காரியத்துக்காக நாயகியை ரௌடிகளிடம் தூண்டிலாகப் போட்டுவிடுகிறான். அந்தக் காட்சி முடியும்போது வெள்ளைத் துணியில் ஒரு சிவப்பு வட்டம் தெரியும். இந்த நாட்டுக் கொடி. அதிகாரத்தின் முகத்தில் துப்புகிறார் டைரக்டர், புரிகிறது. ஆனால் அந்தக் கொடியை வரைய அவருக்கு ஒரு பெண்ணின் உடம்பு தேவைப்பட்டது. இந்தப் படங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். கோபம் யார் மேலோ இருக்கிறது, அடி மட்டும் இவள் மேல் விழுகிறது.

"கடைசியில் அவள் பழிவாங்குகிறாளே" என்று வெளிநாட்டு ரசிகர்கள் எழுதுகிறார்கள். வாங்குகிறாள். அதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளை வதைக்கிற காட்சிக்குக் கொடுத்த நேரத்தையும் பழிவாங்குகிற காட்சிக்குக் கொடுத்த நேரத்தையும் வைத்துப் பார்த்தால் டிக்கெட் எதற்கு விற்றது என்று தெரிந்துபோகும். நேரம் பார்ப்பதுதான் என் தொழில் என்பதால் இதை நிச்சயமாகச் சொல்கிறேன்.

ஒரே ஒருத்தி மட்டும் மனசில் நிற்கிறாள். 'தேள்' ஆக நடித்த மெய்கோ காஜி. நிக்காத்ஸு அந்த வழிக்குப் போனபோது, அதில் நடிக்க மாட்டேன் என்று வெளியே வந்தவர். மூலக் கதையான சித்திரக் கதையில் அந்தப் பெண் வாய்க்கு வந்தபடி திட்டுவாளாம். இவர் அதை மறுத்து, பேசாமலே நடிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். படம் முழுக்க விரல்விட்டு எண்ணக்கூடிய வசனம்தான். பார்க்கிறவனைக் கண்ணாலேயே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறார். அந்தப் படம் அவரைப் பிறர் பார்க்க வைத்த இடங்களில் எல்லாம் அவர் பார்க்கிறவனையே திரும்பிப் பார்க்கிறார்.

அந்த டிஸ்க் உறையை என் கையில் பார்த்துத்தான் கீழ்வீட்டுப் பாட்டி மாடிப்படியில் நின்றார். "உள்ளே வா" என்றார். அக்கா, அவர் சின்ன வயசில் ஒரு ஸ்டூடியோவில் உடை தைக்கிற பிரிவில் இருந்தவர். அன்று ராத்திரி அவர் வீட்டில் சேர்ந்து பார்த்தோம். காலுக்கு மேல் கனத்த போர்வை போட்ட கொதாத்ஸு மேஜை, ஆரஞ்சுப் பழம். மற்ற காட்சிகளில் அவர் கண் வேறெங்கோ இருந்தது. கடைசியில் காஜி கறுப்புத் தொப்பியும் நீளமான கறுப்புக் கோட்டுமாக வரும்போது மட்டும், "அந்தக் கோட்டின் வெட்டைப் பார், எவ்வளவு நல்லா இருக்கு" என்றார்.

பிறகு ஒரு துண்டுத் துணி எடுத்தார். தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் எப்படித் தைப்பார்கள் என்று காட்டினார். நடிகை போடுகிற சட்டையில் இந்தப் பக்கம் நெருக்கமான மிஷின் தையல். அந்தப் பக்கம் வெறும் ஓட்டுத் தையல், இடைவெளி விட்டு, முடிச்சுப் போடாமல். ஒரே இழுப்பில் கிழிய வேண்டும், கேமராவுக்குத் தெரிகிற பக்கமாகக் கிழிய வேண்டும். டேக் சரியில்லை என்றால் மறுபடி எடுக்க ஒரே மாதிரி நாலைந்து சட்டை. "கிழிவதற்காகத் தைத்தேன். கிழிந்ததை ராத்திரியோடு ராத்திரியாக மறுபடி தைத்தேன். அந்தப் பெண் பனியில் நின்றுகொண்டிருப்பாள், நான் ஒரு கோட்டை எடுத்துக்கொண்டு ஓடுவேன். அதுதான் என் கையில் இருந்தது" என்றார். துணியை இழுத்துக் காட்டினார். 'சர்' என்று ஒரு சத்தம். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். வேலையில் தினம் கேட்கிற சத்தம்.

இங்கே நான் காலையில் போகிற ரயிலில் பெண்களுக்கு மட்டும் என்று ஒரு பெட்டி உண்டு. கண்ணாடியில் பிங்க் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். நெரிசலில் கை வைக்கிறவர்களுக்குப் பயந்து 2001-இல் கெய்யோ ரயில் கம்பெனி இந்தப் பெட்டியை முறையாகத் தொடங்கியது, மற்ற கம்பெனிகள் பின்னால் வந்தன. அதே ரயில், அதே கை, முன்னாலே இங்கே சிரிப்புப் படம். 'ரயிலில் கை வைக்கிறவன்' என்ற தலைப்பிலேயே வரிசையாகப் பிங்க் காமெடிகள். நாம் சேர்ந்து அழுது பார்த்தோமே, பிணத்துக்கு அலங்காரம் செய்கிறவர் கதை, 2009-இல் ஆஸ்கர் வாங்கியது, அதை எடுத்த யோஜிரோ தகீதா 80-களில் அந்த வரிசையில் படம் எடுத்தவர்தான். சினிமாவுக்குள் நுழைய அன்று சின்னவர்களுக்கு அதுதான் திறந்திருந்த கதவு என்கிறார்கள். எனக்கு அந்தப் படம் இன்னும் பிடிக்கும். ஆனாலும் அந்தப் பெட்டியில் ஏறும்போது ஞாபகம் வரத்தான் செய்கிறது.

இன்னொன்று. இங்கே 'பெண்' என்பதற்கு ஓர் எழுத்து. அதை மூன்று தடவை, மேலே ஒன்றும் கீழே இரண்டுமாக எழுதினால் வேறொரு எழுத்து. பலாத்காரத்துக்கான ஜப்பானியச் சொல்லில் அந்த எழுத்துதான் இருந்தது. 1907-இல் போட்ட சட்டத்தில் அப்படியே 110 வருஷம் கிடந்தது. 2017-இல்தான் சட்டத்தைத் திருத்தி அந்தக் குற்றத்தின் பெயரையே மாற்றினார்கள். 2023-இல் மறுபடி மாற்றி, 'சம்மதமில்லாத உறவு' என்றே பெயர் வைத்தார்கள். சம்மத வயது 13 ஆக இருந்ததை 16 ஆக்கினார்கள். நம் பேப்பரில் 'கற்பழிப்பு' என்று போடுவார்களே, அவனைப் பற்றி அந்தச் சொல்லில் என்ன இருக்கிறது? அவளிடம் இருந்தது அழிந்துபோனது என்றுதான் சொல்கிறது. பெயரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடாது. ஆனாலும் நோட்டில் அந்தப் பழைய எழுத்தை எழுதிப் பார்த்தபோது, மூன்று பேரும் ஒண்டிக்கொண்டு நிற்பது போல இருந்தது. நீ, நான், அம்மா.

நேற்று ராத்திரி பாட்டியின் மிஷின் கடகடவென்று ஓடியது. விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் காதை வைத்துப் படுத்துக் கேட்டேன். தீபாவளிக்கு முந்தின ராத்திரி, அம்மா ஊராரின் ஜாக்கெட்டை எல்லாம் தைத்துக்கொண்டு இருப்பாள், நாம் காஜா எடுத்தபடி அந்தச் சத்தத்திலேயே தூங்கிப்போவோம். எனக்கு வீட்டுக்கு வர வேண்டும் போல இருக்கிறது, அக்கா. இதை அம்மாவுக்கு வாசிக்காதே.

சரி, வீட்டு விஷயம்.

தேன்மொழி தரமணி பிலிம் இன்ஸ்டிடியூட்டில் ஒளிப்பதிவு படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பதாகவும், பொம்பளப் பிள்ளைக்கு சினிமா எதற்கு என்று அத்தான் பேச மறுப்பதாகவும் எழுதியிருந்தாய். அத்தானுக்கு என் வணக்கம் சொல்லி இதைச் சொல். இங்கே சாச்சி ஹமானோ என்று ஒருவர், 1948-இல் பிறந்தவர். டைரக்டர் ஆக ஆசைப்பட்டபோது பெரிய ஸ்டூடியோக்கள் ஆண் பட்டதாரிகளைத்தான் உதவி இயக்குநராக எடுத்தன. பிங்க் படம் எடுக்கிற கூட்டத்தில்தான் அவருக்கு இடம் கிடைத்தது. அங்கேயே இருந்து, பெண்ணின் பக்கத்திலிருந்து எடுப்பேன் என்று 300 படத்துக்கு மேல் எடுத்தார். 1984-இல் சொந்தக் கம்பெனி. ஒரு தலைமுறைப் பெண்கள் எல்லோரும் உள்ளே இருந்திருந்தால் அவர் அந்த வாசலில் தனியாக நின்றிருக்க வேண்டியதில்லை. நம் ஊரிலோ 1985-லேயே பி.ஆர்.விஜயலட்சுமி 'சின்ன வீடு' படத்துக்குக் கேமரா பிடித்துவிட்டார். கெட்ட படங்கள் வருகின்றன என்பதால் பிள்ளையை அனுப்பாமல் இருக்கக் கூடாது. அதற்காகத்தான் அவள் போக வேண்டும். கேமராவுக்குப் பின்னால் எப்போதும் ஆண்களே நின்றால், கோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வேலைதான் நமக்கு மிஞ்சும். அத்தான் கோபப்பட்டால் நான் சொன்னதாகவே சொல், பரவாயில்லை.

அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே. இந்த மாசம் அனுப்புவது கொஞ்சம் குறையும். யென் மதிப்பு இறங்கிக் கிடக்கிறது, வேறொன்றும் இல்லை. பங்குனிக்குள் மீதியை அனுப்பிவிடுவேன். வடக்குத் தெரு வீட்டுப் பட்டாவுக்குச் சித்தப்பா கையெழுத்துக் கேட்டால் நான் வருகிற வரைக்கும் போடாதே.

அம்மாவின் தையல் மிஷினைப் பழைய இரும்புக்காரனுக்கு விலை பேசியிருப்பதாக எழுதியிருந்தாய். கொடுக்காதே. பெல்ட்டைக் கழற்றித் தனியாகச் சுற்றிவை. சக்கரத்திலும் பாபின் பக்கத்திலும் எண்ணெய் விட்டு, மேலே ஒரு பழைய சேலையைப் போட்டு மூடு. எலி இருக்கிறது, தட்டுமுட்டு அறையில் வைக்காமல் கூடத்திலேயே வை.

உன் தங்கை

பி.கு.: தேன்மொழிக்குச் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டையும் இப்போதே வாங்கி வைத்துவிடு. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு தாலுகா ஆபீஸில் கூட்டம் தாங்காது.