துக்கத்தினால் தூங்கியவர்கள்

அன்புள்ள நண்பனுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துக்கள். உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கடைசி மாதங்களைப் பற்றி நீ எழுதியிருந்த பகுதியை என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். வாசித்து முடித்ததும் இரண்டு பேரும் உனக்காக ஜெபித்தோம். அடக்கத்துக்கு வர முடியாமல் போனது எனக்கு இன்னும் பாரமாக இருக்கிறது. அந்த நேரத்தில்தான் எனக்குக் கண் ஆபரேஷன் நடந்தது, பயணம் செய்யக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இப்போது பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது. சின்ன எழுத்து வேதாகமத்தைக்கூடக் கண்ணாடி இல்லாமல் வாசிக்கிறேன். மகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. மற்றபடி எல்லாரும் சுகம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அம்மா போனதிலிருந்து ஜெபம் வரவில்லை, முழங்கால் போட்டால் தூக்கம்தான் வருகிறது, வேதத்தைத் திறந்தால் எழுத்து மட்டும் கண்ணில் படுகிறது என்று எழுதியிருந்தாய். "விழித்திருங்கள் என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் ஆண்டவர் என் மேல் கோபமாக இருக்கிறார் என்று தோன்றுகிறது" என்ற வரியைப் பல தடவை வாசித்தேன். அதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆண்டவர் பிடிபட்ட ராத்திரியில் ஜெபித்த கெத்செமனே சம்பவத்தை மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்று பேரும் எழுதியிருக்கிறார்கள். சீஷர்கள் தூங்கினார்கள் என்பதையும் மூன்று பேரும் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் ஏன் தூங்கினார்கள் என்று லூக்கா மட்டும் ஒரு காரணம் சொல்கிறார்: "துக்கத்தினாலே". இருபத்திரண்டாம் அதிகாரம், நாற்பத்தைந்தாம் வசனம். எத்தனையோ தடவை வாசித்த பகுதிதான். உன் கடிதம் வந்த பிறகு வாசித்தபோது அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை. அன்று ராத்திரி அவர்கள் என்னவெல்லாம் கேட்டிருந்தார்கள் என்று யோசித்துப் பார். உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்றார். நான் போகிறேன் என்றார். பேதுருவைப் பார்த்து நீ என்னை மறுதலிப்பாய் என்றார். இதையெல்லாம் தாங்க முடியாமல் உடம்பு சாய்ந்துவிட்டது. ஆண்டவர் அவர்களை எழுப்பினார், ஜெபம்பண்ணச் சொன்னார். அதே நேரத்தில், "ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது" என்றும் சொன்னார். அதில் எனக்குக் கோபம் தெரியவில்லை. அவர்களை உள்ளும் புறமும் தெரிந்த ஒருவருடைய பரிவுதான் தெரிகிறது.

எலியாவையும் நினைத்துக்கொள். சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான். தேவதூதன் வந்து அவனுக்கு உபதேசம் செய்யவில்லை. எழுந்திருந்து சாப்பிடு என்றான். அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான். தூதன் இரண்டாந்தரமும் எழுப்பிச் சாப்பிடத்தான் சொன்னான். ஓரேப் மலையில் ஆண்டவருடைய மெல்லிய சத்தத்தை அவன் கேட்டது அதற்கப்புறம், நாற்பது நாள் நடந்த பிறகு. ராத்திரி பகல் பாராமல் ஒரு நோயாளியைக் கவனித்தவன் நீ. உன் உடம்புக்குக் கொடுக்க வேண்டிய ஓய்வை முதலில் கொடு. அதை அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், அவர் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை இன்னொரு தடவை வாசிக்கட்டும்.

பத்துக் கன்னிகைகள் உவமையிலும் இது உண்டு. மணவாளன் தாமதித்தபோது எல்லாரும் தூங்கிவிட்டார்கள் என்று வசனம் தெளிவாகச் சொல்கிறது. புத்தியுள்ள ஐந்து பேரும் தூங்கினவர்கள்தான். நடுராத்திரியில் சத்தம் கேட்டபோது அவர்கள் பாத்திரத்தில் எண்ணெய் இருந்தது. உன் பாத்திரத்தில் எண்ணெய் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். வாலிப வயதிலிருந்து உன்னைத் தெரியும் எனக்கு. அத்தனை வருஷம் அதிகாலையில் எழுந்து ஜெபித்தது ஒரு துக்கத்தில் கரைந்து போய்விடாது.

இவ்வளவும் சொன்ன பிறகு இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நண்பன் என்பதால் மூடி மறைக்காமல் எழுதுகிறேன். தூக்கத்தில் வேறு வகையும் இருக்கிறது. அது துக்கத்தில் வருவதில்லை, நாம் பத்திரமாக இருக்கிறோம் என்ற நினைப்பில் வருகிறது.

புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் வெளிப்படுத்தின விசேஷத்தின் ஏழு சபைகளுக்கான நிருபங்களைப் படித்துக்கொண்டிருக்கிறோம். சர்தை சபைக்கு வந்தபோது அந்த ஊரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். லீதியா ராஜ்யத்தின் தலைநகரம் அது. கோட்டை செங்குத்தான மலைமேல் இருந்தது. கி.மு. 546 வாக்கில் பாரசீக ராஜா கோரேஸ் அதை முற்றுகையிட்டான். நம் ஏசாயா புத்தகத்தில் வருகிற அதே கோரேஸ்தான். நடந்ததைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். கோட்டைக்குள் இருந்த ஒரு வீரனுடைய தலைக்கவசம் மேலேயிருந்து உருண்டு விழுந்திருக்கிறது. அவன் பாறைவழியாக இறங்கி வந்து அதை எடுத்துக்கொண்டு ஏறிப் போயிருக்கிறான். கோரேஸின் படையில் ஒருவன் அதைப் பார்த்துவிட்டான். மறுநாள் அந்த வழியாகவே ஏறினார்கள், பட்டணம் விழுந்தது. அந்தப் பக்கத்தில் காவலே கிடையாது. இவ்வளவு செங்குத்தான பாறையில் யார் ஏறப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

இதில் என்னை உலுக்கியது என்ன தெரியுமா? முந்நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, மூன்றாம் அந்தியோகஸ் என்ற ராஜா முற்றுகையிட்டபோதும் சர்தை அதே மாதிரிதான் விழுந்தது. மதில்மேல் ஒரு இடத்தில் பறவைகள் கவலையில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த ஒரு வீரன், அங்கே காவல் இல்லை என்று புரிந்துகொண்டானாம். இப்படி இரண்டு தடவை பிடிபட்ட ஊரில் இருந்த சபைக்குத்தான், "நீ விழித்துக்கொண்டு, சாகிறதற்கேதுவாயிருக்கிறவைகளை ஸ்திரப்படுத்து" என்றும், விழித்திராவிட்டால் திருடனைப்போல் வருவேன் என்றும் ஆண்டவர் எழுதச் சொன்னார். அந்த ஊர்க்காரர்களுக்கு இது எங்கே தைக்கும் என்று அவருக்குத் தெரியும்.

வேதத்திலும் இதே கதை திரும்பத் திரும்ப வருகிறது. பூமியிலுள்ள சகல மனிதரிலும் சாந்தகுணமுள்ளவன் என்று பெயர் வாங்கின மோசே, மேரிபாவில் கோபப்பட்டுத்தான் கானானை இழந்தான். பேதுருவின் பலம் தைரியம். பட்டயத்தை உருவினவன் அவன். ஆனால் அவன் விழுந்தது ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்குப் பயந்து. நம்முடைய பலவீனம் நமக்குத் தெரியும், அங்கே எச்சரிக்கையாக இருப்போம். பலம் என்று நினைக்கிற பக்கத்தில் யார் காவல் வைக்கிறார்கள்?

உன் பலம் என்ன என்று யோசித்தேன். எதையும் தனியாகத் தாங்கிக்கொள்வாய். யாருக்கும் பாரமாக இருக்க மாட்டாய். கஷ்டத்தை முடிந்த பிறகுதான் சொல்வாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். உன் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது நீ ஜெபத்தில் தூங்குவது அல்ல. "கொஞ்ச நாள் ஆராதனைக்குப் போகாமல் வீட்டிலேயே இருக்கலாம் என்று நினைக்கிறேன், சரியான பிறகு போகிறேன்" என்று கடைசியில் எழுதியிருந்தாயே, அதுதான். அங்கேதான் காவல் இல்லாத பாறை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வாலிபர் கூட்டத்தில் நம்மோடு பாடிக்கொண்டிருந்த தம்பியை உனக்கு ஞாபகம் இருக்கும். அவன் ஒரே நாளில் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. முதலில் கூடிவருவதை விட்டான், அதுவும் நியாயமான காரணத்துக்காக. அப்புறம் காரணம் போய்விட்டது, வராமல் இருப்பது மட்டும் நிலைத்துவிட்டது. நாடோறும் ஒருவருக்கொருவர் புத்திசொல்லுங்கள் என்று எபிரெயருக்கு எழுதின நிருபம் சொல்வது, நாளாக நாளாக மனம் கடினப்படும் என்று தெரிந்துதான்.

கெத்செமனேயில் ஆண்டவரே தனியாக விழித்திருக்க விரும்பவில்லை. "என்னோடேகூட விழித்திருங்கள்" என்று மூன்று பேரைக் கேட்டார். தேவகுமாரனே துணை கேட்டிருக்கும்போது நாம் கேட்பதில் என்ன கூச்சம்? ஜெர்மனியில் ஹெர்ன்ஹட் என்ற ஊரில் மொரேவியச் சபையார் 1727-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒரு ஜெபக்காவலைத் தொடங்கினார்கள். இருபத்துநாலு ஆண்கள், இருபத்துநாலு பெண்கள், ஆளுக்கு ஒரு மணிநேரம். அது நூறு வருஷத்துக்கு மேல் நிற்காமல் நடந்தது. அதற்காக ஒருவரும் இருபத்துநாலு மணிநேரமும் விழித்திருக்கவில்லை. தன் முறை முடிந்ததும் நிம்மதியாகப் போய்ப் படுத்தார்கள், அடுத்தவர் விழித்திருக்கிறார் என்ற நம்பிக்கையில். விழித்திருப்பதைப் பற்றிக் கேட்ட பிரசங்கங்களைவிட இந்த ஒரு செய்தி எனக்கு அதிகமாக உதவியிருக்கிறது.

கடைசிக்காலம் பற்றி உனக்கு வருகிற வீடியோக்களைப் பற்றியும் கேட்டிருந்தாய். என் அபிப்பிராயம் இதுதான்: பார்க்காதே. 1844 அக்டோபர் 22-ஆம் தேதி ஆண்டவர் வருவார் என்று அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் மில்லரைப் பின்பற்றின ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். மறுநாள் விடிந்தபோது பலருடைய விசுவாசமே நொறுங்கிப்போனது. அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர யாரும் அறியார்கள் என்று அவரே சொல்லிவிட்டார். தேதி தெரியாததால்தான் விழித்திருக்கச் சொன்னார். பயத்தில் தூக்கம் கெடுவது விழிப்பு ஆகாது.

நிலைத்திருப்பதற்கு ஒரு உதாரணம் வேண்டுமென்றால் பாலிகார்ப்பை எடுத்துக்கொள். சிமிர்னா சபையின் கண்காணி, இரண்டாம் நூற்றாண்டில் இரத்தசாட்சியாக மரித்தவர். அவரைப் பிடிக்க வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கச் சொல்லிவிட்டு, ஜெபிக்க ஒரு மணிநேரம் கேட்டார். நின்றபடியே இரண்டு மணிநேரம் ஜெபித்தார் என்று அந்தக் காலத்துச் சபை எழுதி வைத்திருக்கிறது. கிறிஸ்துவைத் தூஷித்தால் விட்டுவிடுகிறேன் என்று அதிபதி சொன்னபோது, எண்பத்தாறு வருஷம் அவரைச் சேவித்தேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லையே என்றார். அந்தப் பதில் அன்று அரங்கத்தில் யோசித்துச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. சாதாரண நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த ஒன்று அன்று வெளியே வந்தது.

உனக்கு இப்போது பெரிய ஜெபங்கள் வேண்டாம். எண்பத்தெட்டாம் சங்கீதத்தைச் சத்தமாக வாசி. ஆரம்பம் முதல் முடிவு வரை துக்கம்தான், கடைசியில்கூட வெளிச்சம் வராது. அப்படி ஒரு பாட்டையும் ஆண்டவர் வேதத்தில் வைத்திருக்கிறார். உன் வார்த்தை வராதபோது அதை உன் வார்த்தையாக எடுத்துக்கொள். தூக்கம் வந்தால் படுத்துக்கொள். இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்விடு. பாட முடியாவிட்டால் மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார். உன் போதகரிடமோ நெருக்கமான ஒரு சகோதரனிடமோ எனக்கு எழுதினதை அப்படியே சொல். உன்னால் எனக்கு இவ்வளவு எழுத முடிந்ததே, அது நல்ல அடையாளம் என்றுதான் நினைக்கிறேன்.

நான் ஒன்று செய்யப் போகிறேன். அதிகாலை ஐந்து மணியிலிருந்து ஆறு மணி வரை உன் ஜெபநேரம் என்று எனக்குத் தெரியும். உனக்குப் பெலன் திரும்பும்வரை அந்த நேரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். உன் பெயரையும், உன் தங்கையையும், பிள்ளைகளையும் சொல்லி ஜெபிப்பேன். சேர வேண்டிய பெயர் வேறு ஏதாவது இருந்தால் எழுது. இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எனக்கு ஒரு போன் செய், எந்தப் பாட்டுப் பாடினார்கள் என்று மட்டும் சொன்னால்கூடப் போதும். அடுத்த மாதம் டாக்டர் அனுமதித்தவுடன் நானும் என் மனைவியும் கிளம்பி வருகிறோம், உன் வீட்டில் இரண்டு நாள் தங்குவோம்.

கிறிஸ்துவின் அன்பில்,
உன் நண்பன்